வளையத்துக்கு அடியில் ஓர் இடம்

கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் சரவணக்குமார் சார் அந்தப் பையனைத் திருமயம் பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்தார். காரைக்குடியிலிருந்து வந்த பேருந்தின் படியில் ஒருவன் குனிந்து, இன்னும் கொஞ்சம் குனிந்து இறங்கினானாம். இறங்கிய பிறகு நிமிர்ந்தானாம், நிமிர்ந்துகொண்டே இருந்தானாம். சார் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். "தம்பி, நீ என்ன படிக்கிறே?" என்பது முதல் கேள்வி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு மாமாவின் டைல்ஸ் கடையில் நிற்பதாகப் பையன் சொன்னான். "எங்க காலேஜுல சேந்துக்கிறியா?" என்பது இரண்டாவது கேள்வி. கூடைப்பந்தைத் தொட்டாவது பார்த்திருக்கிறானா என்று அவர் கேட்கவே இல்லை.

இதை அவரே மைதானத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அணியும் சிரித்தது. சிரிக்காமல் நின்றவன் ஆத்மநாதன் மட்டும்தான்.

ஆத்மநாதன் அந்தக் கல்லூரி அணிக்கு இரண்டு வருடமாகப் பிவட். வளையத்துக்கு அடியில் நின்று, உள்ளே வருகிறவனைத் தடுத்து, பலகையில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பறிக்கிற ஆளுக்கு அந்தப் பெயர். எந்த அணியை எடுத்தாலும் இருப்பவர்களில் நெடியவனைத்தான் அங்கே நிறுத்துவார்கள். ஆத்மநாதன் ஐந்தடி பத்து அங்குலம். சொந்த ஊரான ஆவுடையார்கோவில் கடைத்தெருவில் நடந்தால் அவன் உயரமான ஆள். கோர்ட்டில் எதிர் அணியின் பிவட் பக்கத்தில் நின்றால், யாரோ தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பதுபோல இருக்கும்.

ஆனாலும் பந்து அவன் கைக்குத்தான் வந்தது. எதிராளி குதிக்க நினைப்பதற்கு முன்பே அவன் தொடையில் தன் இடுப்பைச் சாய்த்து, முதுகால் தள்ளி, இடத்தைப் பிடித்துக்கொள்வான். ஆறரை அடி ஆளாக இருந்தாலும் காலை ஊன்ற இடம் இல்லாவிட்டால் எப்படிக் குதிப்பான்? எய்த பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதும் அது கையை விட்டுப் புறப்படும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முட்டியிலும் முழங்கையிலும் தழும்பு இல்லாத இடமே அவனுக்கு இல்லை.

இது கடைசி வருடம். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் கிடைக்கிற சான்றிதழ், போலீஸ் வேலைக்கோ ரயில்வேக்கோ விளையாட்டு ஒதுக்கீட்டில் போகும்போது உதவும். போன வருடம் மயிரிழையில் தவறிப்போனது. இந்த வருடம் விடுவதில்லை என்று இருந்தான். அப்போதுதான் ஆறடி ஏழு அங்குலத்தில் மதுரைவீரன் வந்து சேர்ந்தான்.

"ஆத்மா, இங்கிட்டு வா" என்று சார் கூப்பிட்டார். "இவனை நீதான் தேத்தி விடணும். பந்து புடிக்க யாருக்கு வேணாலும் பழக்கிறலாம். இப்பிடி ஒரு ஒடம்பை நான் எந்தக் கடையில போயி வாங்குறது?"

"எந்த எடத்துக்கு சார் பழக்கணும்?"

"வேற எந்த எடத்துக்கு? பிவட்டுக்குத்தான்."

"அப்ப நானு?"

"நீயும் இருப்படா. நீ இல்லாம டீமா?" சார் அவன் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். பதில் சொல்ல விருப்பமில்லாதபோது அவர் தோளைத்தான் தட்டுவார்.

மதுரைவீரனுக்குப் பந்து பிடிக்கத் தெரியவில்லை. கொடுத்த பந்து அவன் நெஞ்சில் பட்டுத் தெறித்தது. ஓடச் சொன்னால் கைகள் ஒரு பக்கமும் கால்கள் ஒரு பக்கமும் போயின. ஆத்மநாதனோடு வளையத்தின் கீழ் மோதவிட்டபோது ஒரு பந்துகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. தன் மோவாய் உயரமே இருந்த ஒருவன் தன்னை எப்படி இப்படிப் பின்னால் தள்ளிக்கொண்டு போகிறான் என்று புரியாமல் விழித்தான். ஆத்மநாதன் ஒவ்வொரு முறையும் பந்தோடு திரும்பி சாரைப் பார்த்தான். சார் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போனில் யாரிடமோ, "ஆறு ஏழுங்க! இன்னும் வளர்ற வயசுங்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பையன் கெட்டவனாக இருந்திருந்தால் தேவலை. வாய்க்கு வாய் அண்ணே என்றான். விடுதிக் கட்டிலில் கால்களை முழங்காலுக்குக் கீழ் வெளியே தொங்கவிட்டுத் தூங்கினான். வகுப்பறை வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டு, நிலைக்கதவிடம் மன்னிப்புக் கேட்பவன்போல அசடு வழிந்தான். அவனை வெறுக்க ஆத்மநாதன் ரொம்பவும் முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

சொல்லிக்கொடுக்காமல் ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். ஏனோதானோ என்று நின்றால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஒரு காரியத்தைத் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியாது. அவனைப் பிடித்த கேடு அது.

"ஏன்டா பந்தை வாங்கிட்டுக் கீழ கொண்டு வாரே? கீழ எவன் இருக்கான்? நான் இருக்கேன்! மேல புடிச்சதை மேலயே வச்சுக்க. அங்க எவன் வரப் போறான்?"

மதுரைவீரன் அப்படியே செய்தான். கைகளை இறக்காமல், வாங்கிய உயரத்திலேயே பந்தைத் திருப்பி வளையத்துக்குள் போட்டான். ஆத்மநாதன் குதித்தான். விரல் நுனி பந்தின் அடிவயிற்றைக்கூடத் தொடவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை.

"இப்பிடியாண்ணே?" என்றான் மதுரைவீரன், முகமெல்லாம் பல்லாக.

"ம்" என்றான் ஆத்மநாதன்.

ஏழு வருடம் உருண்டு புரண்டு தான் கற்றதையெல்லாம் ஒரே ஒரு விஷயத்தால் இவன் தாண்டிப் போய்விட்டான். அந்த ஒரு விஷயத்தையும் சொல்லிக்கொடுத்தது தானே.

மண்டலப் போட்டி அந்த முறை அவர்கள் கல்லூரியிலேயே நடந்தது. பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் வந்து பந்தலின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு ஆட்டங்கள் சோதா அணிகளோடு. மதுரைவீரன் சும்மா நின்றதற்கே எதிராளிகள் வளையத்துக்குப் பக்கத்தில் வரப் பயந்தார்கள். ஆத்மநாதன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தான், மூடினான்.

இறுதி ஆட்டம் திருச்சி அணியோடு. அவர்களுடைய பிவட், பதினாலாம் நம்பர் பனியன்காரன், ஆறரை அடி இருப்பான். ஆடத் தெரிந்தவன். மதுரைவீரனைப் பார்த்த உடனேயே அவனுக்குச் சங்கதி விளங்கிவிட்டது. எறிவதுபோலப் பந்தைத் தூக்கிக் காட்டுவான். மதுரைவீரன் நம்பிக் குதித்து, அவன் மேலேயே போய் விழுவான். ஃபவுல். மறுபடி தூக்கிக் காட்டுவான். மறுபடி ஃபவுல். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். மூன்றாவது கால் பகுதி தொடங்கிய சற்று நேரத்திலேயே மதுரைவீரன் ஐந்தாவதையும் வாங்கிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி வந்தான். அணி பதினோரு புள்ளி பின்னால் இருந்தது.

சார் பெஞ்சைப் பார்த்தார். "ஆத்மா" என்றார்.

ஆத்மநாதன் ஏற்கனவே எழுந்து நின்றிருந்தான்.

அதற்குப் பிறகு அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வெகுநாள் பேசினார்கள். பதினாலாம் நம்பர் பந்தைத் தூக்கிக் காட்டினான். ஆத்மநாதன் அசையவில்லை. கால் தரையிலேயே இருந்தது. இடுப்பால் இடித்து, இடித்து, அவனை வளையத்தைவிட்டு வெளியே, அவனுக்குப் பழக்கமில்லாத தூரத்துக்குத் தள்ளினான். பந்து பலகையில் பட்டுத் திரும்பும்போதெல்லாம் உயரமான கைகள் மேலே தேடிக்கொண்டிருக்க, அது கீழே இறங்குகிற இடத்தில் ஆத்மநாதன் காத்திருந்தான். பதினாலாம் நம்பர் நடுவரிடம், "சார், தள்ளுறான் சார், பாருங்க சார்" என்று கத்த ஆரம்பித்தான். நடுவர் கண்டுகொள்ளவில்லை. ஏனென்றால் ஆத்மநாதன் விதிக்குள்தான் தள்ளினான். பதினோரு புள்ளி ஏழாயிற்று, நாலாயிற்று. கடைசி நிமிடத்தில் அவன் பறித்துக் கொடுத்த பந்தில் வெளியே நின்று ஆடும் கார்டு பாலாஜி ஓடிப்போய்ப் போட, அணி ஒரு புள்ளி முந்தியது. சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் கீழே குதித்து எல்லைக்கோடுவரை வந்துவிட்டார்கள்.

கடைசிப் பந்து பதினாலாம் நம்பரிடம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். போனது. ஆத்மநாதன் அவனை வளையத்துக்கு நேராக வரவிடவில்லை. கால்களை அகற்றி நின்றான். நெஞ்சோடு நெஞ்சு. கைகள் இரண்டும் காதை ஒட்டி நேர் மேலே. தூக்கிக் காட்டியபோது ஏமாறவில்லை. திரும்பியபோது கூடவே திரும்பினான். எறிய எழும்பியபோது அதே நொடியில் தானும் எழும்பினான். ஒரு பிவட் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்தான்.

பதினாலாம் நம்பர் அவன் விரல்களுக்கு மேலே, அங்கே யாருமே நிற்காததுபோல, பந்தை நிதானமாக எறிந்தான். அது வளையத்துக்குள் விழுந்தது. ஆட்டம் முடிந்ததாக விசில் ஒலித்தது.

தப்பு செய்து தோற்றிருந்தால் அந்தத் தப்பை நினைத்தாவது புழுங்கலாம். யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒரு தப்பும் அகப்படவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

தேர்வாளர்களில் தொப்பி போட்ட ஒருவர் எழுந்துவந்து அவன் கையைக் குலுக்கினார். "பிரமாதமா ஆடுனீங்க தம்பி. இன்னும் ஒரு நாலஞ்சு அங்குலம் மட்டும் இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். இருந்திருந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் சார் சொன்னார். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிற பயிற்சி முகாமுக்கு அவர்கள் கல்லூரியிலிருந்து பாலாஜியையும் மதுரைவீரனையும் எடுத்திருந்தார்கள்.

ஆத்மநாதன் நேராக உடற்கல்வி அறைக்குப் போனான். சார் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு ஃபவுல் வாங்கி வெளிய போனவன் சார் அவன்."

"தெரியும்டா."

"அவன் எத்தனை பந்து எடுத்தான்? நான் எத்தனை எடுத்தேன்? நீங்க சொல்லலியா அவங்ககிட்ட?"

"சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். அவங்க கேக்குறதுக்கு எனக்குப் பதில் இல்லை. அங்க எதுத்து ஆட வாரவன் அத்தனை பேரும் ஆறு ஆறு, ஆறு எட்டுன்னு இருப்பான். ஒன்னைய நிறுத்துனா என்ன ஆகும்? கடைசிப் பந்தை நீயே பாத்தேல்ல?"

"அந்தக் கடைசிப் பந்து வரைக்கும் ஆட்டத்தைக் கொண்டாந்தது யாரு சார்?"

சார் பம்பை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பந்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"நீ வெளிய ஆடிப் பழகுடா. தூரத்துலேருந்து எறியப் பழகு. ஒன் மூளைக்கு நீ கார்டு ஆடலாம். ஒன் ஒசரத்துக்கு அதுதான் சரியா வரும்."

"ஏழு வருசமா ரிங்குக்கு அடியிலயே நிக்க வச்சுப்புட்டு இப்ப வெளிய போங்கிறீங்களே சார். பந்தைத் தட்டிக்கிட்டு ஓட எனக்கு ஒருத்தராச்சும் சொல்லிக்குடுத்தீங்களா?"

சொன்ன வேகத்தில் வெளியே வந்துவிட்டான். சார் பின்னால் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

மத்தியானம் ஆத்தா ராசாத்தி போன் பண்ணினாள். அவளுக்கு எப்படியோ செய்தி போயிருந்தது. "ஒசரம் பத்தலைன்னா சொல்றாக? ஒங்கப்பா அஞ்சரை அடி. நான் அதுலயும் கம்மி. நீ இம்புட்டு வளந்ததே பெருசுடா. வேற என்னத்தக் கேக்குறாக?" என்றாள். "சரி ஆத்தா, வையி" என்றான்.

சாயங்காலம் மதுரைவீரன் அவனைத் தேடிக்கொண்டு வந்தான். ஆத்மநாதன் விடுதிக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நான் போகலைண்ணே. சார்கிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்குப் பயமா இருக்கு."

"நான் எதுக்குடா சொல்லணும்?"

"நீங்க போகவேண்டிய எடம்ணே அது."

அடக்கி வைத்திருந்தது முழுக்க அப்போதுதான் வெடித்தது. "எடத்தை எனக்குத் தானம் பண்ண வந்தியா நீ? நீ போகலைன்னா என்னையக் கூப்புடுவாங்கன்னா நெனச்சே? ஒன்னைய மாதிரி இன்னொரு பனைமரத்தைத் தேடிப் புடிச்சு நிறுத்துவாங்க! என்னடா செஞ்சே நீ? பொறந்தே. வளந்தே. வேற என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யலைண்ணே" என்றான் மதுரைவீரன். "நான் யாருகிட்டயும் கேக்கவும் இல்லை. டைல்ஸ் கடையில சும்மாதான் இருந்தேன்."

அதில் பொய் இல்லை. ஆத்மநாதனுக்கு மேலே கத்த எதுவும் கிடைக்கவில்லை. பையன் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் இருவர் முகங்களும் நேருக்கு நேர் வந்தன.

"நீங்க எப்பிடிண்ணே இந்த ஆட்டத்துக்கு வந்தீங்க?"

"ஒம்பதாவது படிக்கையில பி.டி. வாத்தியார் கூப்புட்டாரு."

"ஏன் ஒங்களைக் கூப்புட்டாரு?"

ஆத்மநாதன் பதில் சொல்லத் தொடங்கி நிறுத்தினான். ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்திலேயே அவன்தான் உயரம். பத்தாவது, பதினொன்றாவது பையன்கள்கூட அவன் காதளவுதான் இருந்தார்கள். வாத்தியார் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவனைக் கைநீட்டிக் கூப்பிட்டு, பந்தைக் கையில் கொடுத்து, வளையத்துக்கு அடியில் நிறுத்தினார். அடுத்த வருடமே வளர்ச்சி நின்றுபோயிற்று. மற்றவர்கள் வளர்ந்து அவனைத் தாண்டினார்கள். அவன் அதே இடத்திலேயே நின்றுவிட்டான்.

"ஒசரமா இருந்தேன், அதான்" என்றான்.

"அப்ப ஒங்களுக்கு முந்தி அந்த எடத்துல நின்னவரு என்ன ஆனாரு?"

மதுரைவீரன் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆத்மநாதன் யோசித்தான். யாரோ ஒருவன் இருந்தான். கட்டையான பையன். பனியனைக் கழற்றி இவனிடம் கொடுத்தது நினைவிருக்கிறது, பனியன் ஈரமாக இருந்ததும் நினைவிருக்கிறது. முகம் நினைவுக்கு வரவில்லை. பெயரும் வரவில்லை. அன்றைக்கு அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு வீடுவரை நடந்து போனது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

"தெரியலைடா" என்றான்.

பிறகு ஆத்மநாதன் எழுந்தான். "போகாம இருந்தே, காலை ஒடச்சுப்புடுவேன். போயி ஒழுங்கா ஆடு. அவன் பந்தைத் தூக்கிக் காட்டுனா குதிக்காத. குதிக்காத. குதிக்காத. காதுல விழுந்துச்சா?"

மதுரைவீரன் முகாமுக்குப் போனான்.

ஆத்மநாதன் ஒரு வாரம் மைதானத்தின் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் வெயில் தாழ்வதற்கு முன்பே, யாரும் வராத நேரமாகப் பார்த்துப் போனான். வளையத்திலிருந்து வெகு தூரத்தில், இத்தனை வருடத்தில் தான் நின்றே அறியாத கோட்டுக்கு வெளியே போய் நின்று பந்தை எறிந்தான். அது வளையத்தைக்கூடத் தொடாமல் கீழே விழுந்தது. அடுத்தது பலகையைத் தாண்டிப் போனது. கைகளுக்கு இடிக்கவும் பறிக்கவும்தான் தெரிந்தது. மெதுவாகத் தூக்கி அனுப்பத் தெரியவில்லை. சார் ஒருமுறை வேப்பமரத்தடிவரை வந்து நின்று, "முழங்கையை உள்ள வையிடா" என்றார். "நானே பாத்துக்கிறேன் சார்" என்றான். அவர் போய்விட்டார். போன பிறகு முழங்கையை உள்ளே வைத்துப் பார்த்தான். கொஞ்சம் பரவாயில்லை. அந்தக் கொஞ்சமும் அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்படி எறிந்துகொண்டிருந்த ஒரு நாள்தான் மதுரைவீரனிடமிருந்து போன் வந்தது. குரல் ஒடுங்கியிருந்தது.

"அண்ணே, இங்க பிவட்டுக்கு வந்தவங்க எல்லாரும் என்னையவிடப் பெரிய ஆளுகளா இருக்காங்கண்ணே. ஒருத்தன் ஆறு பத்து. பந்தை மேலயே வச்சுக்கிட்டாலும் தட்டிவிட்டுர்றான். இங்க நான்தாண்ணே குட்டை."

ஆத்மநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடு மைதானத்தில் தனியாக நின்று, கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தான். எந்த இடத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

"சிரிக்காதீங்கண்ணே. என்ன செய்யணும்னு சொல்லுங்க. நாளைக்கு ஆளை எடுக்குறாங்க."

"அவன் குதிக்கிறதுக்கு முந்தி நீ அவன் காலுக்குள்ள போகணும்டா. முட்டியை மடக்கு. இன்னும் மடக்கு. ஒன் இடுப்பு அவன் தொடையில படணும். பட்டதும் பின்னால போ, கையைத் தூக்காத, மொதல்ல எடத்தைப் புடி..." போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, அவன் தன்னை அறியாமல் முட்டியை மடக்கி, இல்லாத ஒருவனை முதுகால் தள்ளிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

மதுரைவீரன் பல்கலைக்கழக அணியில் கடைசி ஆளாக இடம் பிடித்தான். வெளியூர்ப் போட்டி முழுவதும் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். சான்றிதழ் அவனுக்குக் கிடைத்தது.

ஆத்மநாதன் அந்த வருடத்தோடு கல்லூரியை முடித்தான். இப்போது புதுக்கோட்டையில் ஒரு கிளப் அணிக்கு ஆடுகிறான். வெளியே நின்றுதான் ஆடுகிறான். பத்துக்கு மூன்று போடுவான், நல்ல நாளில் நாலு. போலீஸ் தேர்வுக்கு, சான்றிதழ் இல்லாமலே, இரண்டாம் முறையாகப் படிக்கிறான். ஆட்டத்தின் நடுவே பலகையில் பட்டுப் பந்து தெறிக்கும்போது, அது எங்கே விழும் என்று இன்றைக்கும் மற்ற எல்லோருக்கும் முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. உள்ளே ஓடப் பார்ப்பான். "ஆத்மா, ஒன் எடத்துல நில்லு" என்று யாராவது கத்துவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பான்.